அய்யம்மாளின் சுருக்குப் பட்டை

"மெத்தையா, பட்டையா?"

தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி அந்த அம்மாள் கேட்டார். சலவைச் சட்டையும் கையில் சுருட்டிய பத்திரிகையுமாக நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு வந்தேன் என்பதை வாய் திறக்காமலே தெரிவித்துவிட வழி உண்டா என்று யோசனை. 1964-ஆம் வருஷம் அது. நிலக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். அதை எங்கே வேண்டுமானாலும் உரக்கச் சொல்வேன். ஆனால் கமலை இறைத்து இறைத்து எங்கள் அப்பாவுக்குக் குடல் இறங்கியிருக்கிறது என்பதைத் திண்டுக்கல் கடைத்தெருவில் நின்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பட்டை," என்றேன் மெதுவாக.

"உனக்கா அப்பு?"

"எனக்கில்லை. அப்பாவுக்கு."

"அதைக் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன். களவாண்டா கொண்டு வந்தாரு? எந்தப் பக்கம் எறக்கம், வலமா எடமா? படுத்தா உள்ள போகுதா, படுத்தாலும் நிக்குதா?"

நான் கையிலிருந்த பத்திரிகையை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

"போ. போயி உங்கம்மாகிட்டக் கேட்டுட்டு வா. அப்பன்கிட்டக் கேட்டா பொய் சொல்லுவாரு. படுத்தாலும் உள்ள போகலைன்னா எங்கிட்ட வராதே, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ."

அய்யம்மாளை நான் அறிந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அவரும், அவர் வீட்டுக்காரரும், வெங்காயப் பேட்டையில் அன்றைக்கு நின்றவர்களும் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அய்யம்மாள் பிறந்தது பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். தோட்டத்து வேலியோரம் இலவமரங்கள் நின்றன. காய் வெடிக்கிற காலத்தில் பஞ்சை உதறி விதை பிரிப்பது வீட்டுப் பெண்களின் வேலை. கண்ணுசாமிக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்ததும், தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்பதால், ஜெய்தூன் பீவியின் மெத்தைக் கடையில் பஞ்சு உதறச் சேர்ந்தார். ஊசி எடுக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் தையல்காரர் வரவில்லை. கல்யாண வீட்டு மெத்தை பாதியில் கிடந்தது. அய்யம்மாள் அதை எடுத்துத் தைத்து முடித்துவிட்டார். திட்ட வாயெடுத்த ஜெய்தூன் பீவி தையலைத் தடவிப் பார்த்தார். "அந்த ஆளு நாளைக்கு வந்தா வேலை இல்லைன்னு நானே சொல்லிடறேன்," என்றார்.

அய்யம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழனிப் பக்கத்து மரியாதைப் பேச்சு திண்டுக்கல் தண்ணீர் குடித்ததில் தேய்ந்து போயிருந்தது. சாதாரணமாகப் பேசினால் நம் ஊர்க்காரர் மாதிரிதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பிறந்த ஊர் திரும்ப வந்துவிடும். "ஏனுங்க" என்று அவர் ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் ஒரு அடி பின்னால் போவது நல்லது.

கண்ணுசாமி வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். அங்கே மூட்டைக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்வார்கள். கூட்டத்துக்குச் செட்டு என்று பெயர். கண்ணுசாமியின் செட்டுக்குப் பொன்னுச்சாமி மேஸ்திரி. செட்டில் ஒரு இடம் கிடைப்பதும் சொந்தமாக நிலம் கிடைப்பதும் ஒன்று. ஒருவர் நான்கு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் நிற்க வெளியே ஆள் காத்துக்கொண்டிருக்கும்.

அந்தச் செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. குடலிறக்கம் கண்டவருக்கு இடமில்லை. மேஸ்திரியின் தம்பி முத்துச்சாமி அதை மறைத்து மறைத்து வேலை செய்தவர். ஒரு நாள் கடலை மூட்டை அடுக்கிய அட்டியின் மேலேயே சுருண்டு விழுந்தார். இறங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கி முறுக்கிக்கொண்டது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து சட்டம். ஆனால் சட்டம் வந்ததால் இறக்கம் வராமல் போய்விடுமா? வந்தவர்கள் எல்லோரும் மறைத்தார்கள்.

கண்ணுசாமியும் மறைத்தார், பெண்டாட்டியிடம்கூட. ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழியில் சளி பிடித்து இருமினார். அய்யம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருமும்போது கையை எதுக்குய்யா அங்க கொண்டு போயி அமுக்குறே?"

"எங்க?"

"எங்கன்னு எங்கிட்டயே கேளு."

அப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருந்த டாக்டர் நல்ல மனிதர். ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும், பிறகு ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார். ஆறு மாதம் என்றதும் கண்ணுசாமி எழுந்துவிட்டார். "அம்புட்டு நாளு வீட்ல கெடந்தா எடத்துல வேற ஒருத்தன் நிப்பான் சார்."

அதுவரைக்கும் இதையாவது கட்டிக்கொள் என்று டாக்டர் ஒரு பட்டையைக் கொடுத்தார். தோல் உறை போட்ட எஃகுப் பட்டை. இறக்கத்தின் மேல் வந்து அழுத்த ஒரு முனையில் கட்டையான உருண்டை. அதைக் கட்ட வேண்டுமானால் இடுப்பில் கிடக்கும் அரைஞாண் கயிற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சதையில் அழுந்தும் என்றும் சொன்னார்.

"உசுரோட இருக்கிறவன் இடுப்புக் கயித்துல கத்திரி வைக்கிறதா? அதுக்குன்னு ஒரு நாளு வரும் சார். அன்னிக்கு வெட்டுவாக," என்று சொல்லிவிட்டுக் கண்ணுசாமி வந்துவிட்டார்.

கயிற்றின் மேலேயே பட்டையைக் கட்டினார். டாக்டர் சொன்னது சரிதான். கயிறும் அதில் கோத்திருந்த தாயத்தும் சதைக்குள் இறங்கிப் புண்ணாயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூட்டை எடுக்கக் குத்தவைத்தால் எஃகுப் பட்டை எகிறித் தொப்புளுக்கு வந்தது. ஒரு வாரத்தில் அதைப் பரண்மேல் எறிந்துவிட்டு மறுபடியும் கையால் அமுக்கிக்கொண்டே வேலைக்குப் போனார்.

அய்யம்மாள் பரணில் ஏறி அதை எடுத்து, கடைக் கத்திரியால் தோலைப் பிரித்துப் போட்டார். "நாக்காலில உக்காந்து எந்திரிக்கிற ஆளுக்குச் செஞ்சிருக்கான்யா இதை. குத்தவச்சு எந்திரிக்கிற ஆளை இதைச் செஞ்சவன் பாத்ததே இல்லை," என்றார்.

"பாத்தவ நீ செய்யேன்."

"செய்யத்தான் போறேன்."

இலவம் பஞ்சு திணித்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டித் திண்டு தைத்தார். மதியத்துக்குள் அது தோசையாகத் தட்டிப்போயிற்று. கந்தல் துணியை இறுக்கிச் சுற்றித் தைத்தார். "கல்லைக் கட்டிவிட்டுட்டியே புள்ள," என்று கண்ணுசாமி துள்ளினார். கடைசியில் நடுவில் கந்தல் உருண்டை, சுற்றிலும் பஞ்சு, பஞ்சு ஓடாமலிருக்க மெத்தைக்குப் போடுவது போலக் குறுக்கும் நெடுக்கும் குத்துத் தையல். நீலக்கோடு போட்ட மெத்தைத் துணியை இரட்டையாக மடித்து இடுப்புப் பட்டை, மாட்டப் பொத்தான். குத்தவைக்கும்போது மேலே ஏறாமல் இழுத்துப் பிடிக்கத் திண்டின் அடியிலிருந்து கோவணத்து வால் போல ஒரு துண்டு, காலிடுக்கில் போய்ப் பின்னால் முடியும். பட்டையின் மேல் விளிம்பில் சின்னச் சின்ன வளையங்கள். அரைஞாண் கயிறு அவற்றுக்குள் ஓடும், சதையில் படாது. ஒருவரும் எதையும் வெட்ட வேண்டாம்.

கட்டிவிட்டுக் குத்தவைக்கச் சொன்னார், எழச் சொன்னார்.

"இப்ப இருமு."

"இருமல் வரலை புள்ள."

"வராட்டி என்ன, சும்மா இருமு. ஓட்டைச் சட்டியில தண்ணி நிக்குதான்னு பாக்கணும்ல."

நின்றது.

தைத்தது வெளியே தெரிந்தது துணிக்கொடியால். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் ஒரு நாள் கொடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏண்டி, இது என்ன, பிள்ளைத் தலகாணியா? தலகாணிக்கு வாலு எதுக்கு?" அய்யம்மாள் கையால் அடிவயிற்றை அமுக்கிக் காட்டினார். ராக்கம்மாளுக்குக் கண் கலங்கியது. அவர் வீட்டுக்காரர் பொம்மையனும் அதே செட்டுதான், அதே மறைப்புதான்.

அப்புறம் தெருக்குழாயடியில் பெண்கள் வழியாகவே வியாபாரம் நடந்தது. ஆனால் அளவு? வேறொருத்தி புருஷன் இடுப்பில் அய்யம்மாள் எப்படிக் கை வைப்பது? அளந்து வா என்று அனுப்பினால் பெண்டாட்டிக்கும் காட்டாத ஆண்கள் நின்று கொடுப்பார்களா? அய்யம்மாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வருஷத்துக்கு ஒரு தரம் அரைஞாண் கயிறு மாற்றுவார்கள்; புதிதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பது வழக்கம். "பழசைத் தண்ணியில விடாம எங்கிட்டக் கொண்டா. எடப் பக்கம்னா ஒரு முடிச்சு, வலப் பக்கம்னா ரெண்டு முடிச்சு. பேரு சொல்ல வேண்டாம்," என்றார்.

கயிறுகள் வந்தன. கடையின் பின்சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தார். ஜெய்தூன் பீவி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடியே, எங் கடைச் சுவத்துல ஊரு ஆம்பளைக இடுப்பெல்லாம் தொங்குதேடி!"

"தொங்கட்டும் அம்மா. ஒருத்தனும் வந்து என்னுதுன்னு கேக்க மாட்டான்."

ஆனால் அந்தக் கயிறுதான் அவரைக் கவிழ்த்தது.

ஐம்பத்தெட்டு ஆவணியில் ஒரு நாள், ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த லாரியைச் செட்டுக்காரர்கள் இறக்கி முடித்தார்கள். லாரிக்குள் வெங்காயச் சருகைக் கூட்டித் தள்ளும்போது நீலக்கோடு போட்ட ஒரு பட்டை வாலும் திண்டுமாகக் கீழே விழுந்தது. பொன்னுச்சாமி மேஸ்திரி அதை மூட்டைக் கொக்கியால் தூக்கிப் பிடித்தார்.

"ஏலே, எவன்டா இதைப் பெத்துப் போட்டது?"

பேட்டையே சிரித்தது. தன்னுடையது என்று ஒருவரும் முன்னால் வரவில்லை. மேஸ்திரி துணியைப் பார்த்தார். வீட்டில் அவர் படுப்பதும் அதே நீலக்கோட்டு மெத்தையில்தான். தையலைப் பார்த்தார். "மெத்தைக் கடை அய்யம்மாளைக் கூட்டிட்டு வாங்கலே," என்றார்.

"போகாதேடி," என்றார் ஜெய்தூன் பீவி. அய்யம்மாள் மெத்தை ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. முந்தானையில் குத்திக்கொண்டு அப்படியே நடந்தார்.

"ஏத்தா, இது உன் தையலா?"

"என் தையல்தானுங்க."

அந்த மரியாதையைக் கேட்டதும் கண்ணுசாமி ஒரு அடி பின்னால் போனார்.

"யாருக்குத் தச்சே?"

"எனக்குத்தானுங்க."

"உனக்கா?"

"ஏனுங்க, பொம்பளைக்கு வயிறு கெடையாதுங்களா? மூணு பெத்துருக்கேன், பஞ்சுப் பொதி தூக்குறேன். எறங்காம என்ன பண்ணுமுங்க?"

"அப்ப லாரிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"உதிரி வெங்காயம் பொறுக்க ஏறுனேனுங்க. களவுன்னா புடிச்சுக் குடுங்க."

"இந்தா பாரு, இது ஆம்பளை கட்டுறது. வாலு இருக்கு."

"பொம்பளை கட்டுனா எப்படி இருக்கும்னு உங்க வீட்டு அக்காவை அனுப்புங்க, காட்டுறேன். உங்களுக்குக் காட்ட முடியாதுங்களே!"

இப்போது பேட்டை சிரித்தது மேஸ்திரியைப் பார்த்து. அவர் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, அய்யம்மாளை அட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். குரலும் இறங்கிவிட்டது.

"உம் புருசனுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும் தாயி. எத்தனை மூட்டைக்காரனைப் பாத்திருக்கேன். மத்தவன் பேரை மட்டும் சொல்லிரு. கண்ணுசாமியை நான் கண்டுக்கலை. எந் தம்பி அட்டி மேல கெடந்து துடிச்சதை நீ பாக்கலை. இன்னொருத்தனை நான் அப்படித் தூக்க மாட்டேன்."

"ஆளைப் பாத்து நான் தைக்கிறதில்லீங்க. பேரு எனக்குத் தெரியாது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பேரு வரலைன்னா கண்ணுசாமி செட்டுல இல்லை."

அன்று சாயங்காலம் ராக்கம்மாள் கொல்லை வழியாக வந்தார். அழுதுகொண்டே வந்தாலும் சண்டைக்குத்தான் வந்தார். "அவுக பட்டைதான்டி அது. லாரிக்குள்ள குனிஞ்சு நிமுந்தப்ப நழுவிருச்சாம். எடுத்தா பாத்துருவாகன்னு விட்டுட்டு இறங்கிட்டாக. உன் அளவு தப்புடி!"

"என் அளவா தப்பு?" அய்யம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. பெட்டியிலிருந்து கண்ணுசாமியின் பழைய கயிற்றை எடுத்து, இப்போது அவர் இடுப்பில் இருந்த கயிற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பழையது நான்கு விரற்கடை கூடுதல் நீளம். வருஷம் முழுக்க வேர்வையிலும் தண்ணீரிலும் ஊறி இழுபட்ட கயிறு. போதாததற்குத் தளரத் தொங்கவிட்டுக் கட்டுகிற வழக்கம். கண்ணுசாமிக்குக் கையால் அளந்து தைத்ததால் அது நின்றது. மற்றவர்களுக்கெல்லாம் நீண்டுபோன கயிற்றை நம்பித் தைத்திருக்கிறார்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்றார். அவர் கோபத்தில் மரியாதை இல்லாமல் பேசியது தன்னைப் பார்த்து மட்டும்தான்.

மறுநாள் கூடையோடு பேட்டைக்குப் போனார். உதிரி பொறுக்குகிறவள் என்று தானே சொல்லிவிட்டாரே, யார் தடுப்பது? பொறுக்குகிற சாக்கில் மூட்டைக்காரர்கள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். விடியலில் வெறும் வயிறு. முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வெயில் ஏறியதும் கம்மங்கூழ். ஆளுக்கொரு சட்டி, கடித்துக்கொள்ள உதிரி வெங்காயமே வெஞ்சனம். குடித்து எழுந்தவர்கள் வேட்டியைத் தளர்த்திக் கட்டினார்கள். பொழுது சாயச் சாய வயிறு மறுபடி உள்ளே போனது. வீட்டுக்கு வந்து கண்ணுசாமியிடம் சொன்னார், "ஒரு ஆளுக்கே மூணு இடுப்பு இருக்குய்யா. காலையில ஒண்ணு, கூழுக்கு அப்புறம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான் கையால அளந்தாலும் தப்பாத்தான் போயிருக்கும். நீ எப்படித் தாங்குனே?"

"கூழு குடிக்கிறதைக் கொறச்சுட்டேன் புள்ள," என்றார் கண்ணுசாமி, தலையைக் குனிந்துகொண்டு.

அய்யம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பையின் கயிற்றை இழுத்து மூடி மறுபடி இடுப்பில் செருகப் போனவர், செருகாமல் அதையே திறப்பதும் இழுத்து மூடுவதுமாகச் செத்த நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய பட்டை ஒன்றைப் பிரித்தார்.

புதுப் பட்டையில் பொத்தான் கிடையாது. துணி மடிப்புக்குள் குழல் மாதிரி வழி விட்டு அதில் ஒரு நாடா. நாடாவின் இரண்டு முனையும் இடுப்பின் ஒரு பக்கமாக வெளியே வரும். வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் பட்டை இறுகும், முடிச்சை விரலால் நெருடிவிட்டால் தளரும். பார்க்கிறவருக்கு மடியில் வெற்றிலை தேடுகிற மாதிரிதான் இருக்கும். திண்டையும் பட்டையோடு சேர்த்துத் தைக்கவில்லை. வலமோ இடமோ நகர்த்திக்கொள்ளலாம். திண்டுக்கு ஒரு வாய் வைத்து, கைப்பிடிப் பஞ்சைத் தனியாகக் கொடுத்துவிட்டால் அவரவருக்கு வேண்டிய அளவு திணித்துக்கொள்ளலாம், உருவிக்கொள்ளலாம். இனி அய்யம்மாள் யாருடைய இடுப்பையும் அறிய வேண்டியதில்லை. சுவரில் தொங்கிய கயிறுகளையெல்லாம் எடுத்துப் போய்க் குளத்தில் விட்டுவிட்டு வந்தார்.

வேலை முடிந்தது, ஆனால் மனசு ஆறவில்லை. அட்டியின் மேல் கிடந்து துடித்த முத்துச்சாமியையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரிடமே நேராகக் கேட்டார்: இந்தப் பட்டை கட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? டாக்டர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நாடாவை இழுத்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் சொன்னார்: குடலை உள்ளே தள்ளிவிட்டுக் கட்டினால் இது தாங்கும், உள்ளே போகாததன் மேல் கட்டினால் இதுவே கொல்லும். தாங்குகிறவரை தாங்கட்டும், ஆனால் ஆப்பரேஷன்தான் வழி.

வியாழக்கிழமை வீட்டில் சண்டை.

"பொம்மையன் பேரை மட்டுமாவது சொல்லிட்டு வந்துரேன் புள்ள," என்றார் கண்ணுசாமி. "மேஸ்திரிதான் என்னைக் கண்டுக்கலைங்கிறாருல."

அய்யம்மாள் புருஷனைப் பார்த்து அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஏனுங்க, நாளைக்கு ராக்கம்மா குழாயடியில நின்னா நான் எந்த மூஞ்சியோட கொடத்தை வைக்கிறதுங்க? அவ பிள்ளை கஞ்சிக்கு நின்னா உங்க எடத்தை வச்சு நாம உக்காந்து திங்கிறதுங்களா?"

"அப்ப என் எடம் போகட்டுங்கிறியா?"

"போகக் கூடாதுங்கிறேன். மறைக்கிற வரைக்கும் அது உன் எடம் இல்லைய்யா. அந்த ஆளு எப்ப வேணா புடுங்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தும் எடம் இருந்தாத்தான் அது உன் எடம். அதைக் கேக்கணும். எல்லாரு முன்னாலயும் கேக்கணும்."

கண்ணுசாமி சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அவராகவே புதுப் பட்டையை எடுத்து, படுத்து, தள்ளிவிட்டுக் கட்டினார். அப்புறம் எழுந்து நின்று அதை அவிழ்த்து, வேட்டியைக் கட்டி, வேட்டிக்கு மேலே மறுபடி கட்டினார்.

"வெளியவா கட்டுறே?"

"உள்ள கட்டுனாத்தானே மறைக்கிறதாகும். மூட்டை தூக்கத்தான் இன்னிக்கு நான் போகலையே."

இரண்டு பேரும் தெரு நடுவில் நடந்து போனார்கள். நீலக்கோட்டுப் பட்டையும் வாலுமாக மூட்டைக்காரர் ஒருவர் வருவதைப் பார்த்து டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "ஏப்பா, மெத்தையைக் கட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்டே?" என்று ஒருவர் கத்தினார். "உனக்கும் ஒண்ணு வேணும்னா வீட்ல சொல்லி அனுப்புய்யா," என்று அய்யம்மாள் திருப்பிக் கத்தினார்.

பேட்டையில் லாரிகள் நின்றன. செட்டு முழுக்க இருந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டு எழுந்தார்.

"பேரு கேட்டீங்களே," என்றார் அய்யம்மாள். "என்கிட்ட இருக்கிறது ஒரே பேருங்க. கண்ணுசாமி. எம் புருசன். எறக்கம் இருக்குங்க."

"சட்டம் தெரியும்ல?" என்றார் மேஸ்திரி, கண்ணுசாமியைப் பார்த்து.

"தெரியும் மேஸ்திரி. ஆப்பரேஷன் பண்ணிக்கப் போறேன். ஆறு மாசம். வந்தா எனக்கு எடம் உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"ஆறு மாசம் ஒரு எடத்தை எவன்டா சும்மா வச்சுக்கிட்டு இருப்பான்? யாவாரி விடுவானா?"

"அதனாலதானுங்க மறைக்கிறாங்க," என்றார் அய்யம்மாள்.

மேஸ்திரி கிட்டே வந்து நாடாவை இழுத்துப் பார்த்தார், இறுகியது. விட்டார்; தளர்ந்தது. குரல் மாறிவிட்டது. "இது அன்னிக்கு இருந்திருந்தா எந் தம்பி இருந்திருப்பான் தாயி."

எல்லோரும் எதிர்பார்த்தது அய்யம்மாள் ஆமாம் என்பார் என்று. தைத்து விற்கிற எந்த மனுஷியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"இல்லீங்க. இது இருந்திருந்தாலும் செத்துத்தான் போயிருப்பாரு. இது முட்டுக் குடுக்கிறதுங்க, அம்புட்டுதான். டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வாரேன். எடம் போகாது, ஆஸ்பத்திரிக்குப் போடான்னு அன்னிக்கு ஒரு ஆளு சொல்லியிருந்தா இருந்திருப்பாரு. அந்தச் சட்டம் அப்ப இல்லை. இப்பவும் இல்லை. செத்ததுக்கு அப்புறம் நீங்க போட்டது, மறைக்கிற சட்டமுங்க."

மேஸ்திரியிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. கை ஓங்கிவிடுவாரோ என்று கண்ணுசாமி முன்னால் வந்து நின்றார். மேஸ்திரி கை ஓங்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வியாபாரி ஒருவர் லாரி நிற்கிறதே என்று குரல் கொடுத்தார். "நிக்கட்டும்யா," என்றார் மேஸ்திரி.

பின்வரிசையிலிருந்து பொம்மையன்தான் பேசினார். "கண்ணுசாமி பாரத்தை நாங்க பங்கு போட்டுத் தூக்குறோம் மேஸ்திரி. வெளியாளு வேண்டாம்." அப்புறம் முன்னால் வந்து, "அவன் வந்ததுக்கு அப்புறம் என் பாரத்தையும் அப்படிப் பங்கு போட்டாச் சரி," என்றார்.

சிலருக்கு அது உடனே புரியவில்லை. புரிந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி எழுந்தார். "எடம் இருக்கும்," என்றார். "ஒவ்வொருத்தனா போகணும். எல்லாப் பயலும் ஒண்ணாப் போயிட்டா நான் தனியா லாரியைத் தூக்கவா? போற நாளு வரைக்கும் இதைக் கட்டிக்கிட்டுக் கீழ் வேலை பாருங்க, அட்டி ஏறக் கூடாது." பிறகு அய்யம்மாளைப் பார்த்து, "போதுமா?" என்றார்.

"போதுமுங்க," என்றார் அய்யம்மாள். இரண்டடி போனவர் திரும்பி, சாதாரணக் குரலில், "கூழு குடிச்ச ஒடனே குனிய விடாதீக அண்ணே. செத்த நேரம் உக்காரட்டும்," என்றார்.

கண்ணுசாமி அந்த ஐப்பசியிலேயே மதுரைக்குப் போய் ஆப்பரேஷன் செய்துகொண்டார். அவர் இல்லாத மாதங்கள் அந்த வீட்டுக்கு லேசாக இல்லை. பஞ்சும் ஊசியும்தான் உலை வைத்தன. சித்திரையில் திரும்பிப் போனபோது இடம் இருந்தது. அடுத்துப் பொம்மையன் போனார். அதற்கடுத்து இரண்டு பேர் போனார்கள். அவர்களுக்கும் இறக்கம் உண்டு என்பதை அன்றுவரை அவர்கள் பெண்டாட்டிமாரும் அய்யம்மாளும்தான் அறிந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பட்டையோடே வாழ்கிறார். அய்யம்மாள் பார்க்கும்போதெல்லாம் அவரைத் திட்டுகிறார். நாடா நைந்தால் மாற்றியும் கொடுக்கிறார்.

கடை வாசலில் பட்டையைத் தொங்கவிட்டது அதற்குப் பிறகுதான். மெத்தையும் தலையணையும் தொங்குகிற கம்பியில், தெருவைப் பார்த்த பக்கமாக. "ஏண்டி, குடும்பப் பொம்பளைக போற தெருவுல இதைப் போயித் தொங்க விடுறியே," என்று ஜெய்தூன் பீவி முதலில் முறைத்தார். "அவுகதான் அம்மா வாங்க வாராக," என்றார் அய்யம்மாள். பீவி வெயிலில் துணி வெளுக்கிறது என்று உள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி மாட்டச் சொன்னார், அவ்வளவுதான். அய்யம்மாள் நகர்த்தவில்லை.

எங்கள் அப்பாவுக்கு இடப் பக்கம். படுத்தால் உள்ளே போகிறது. அம்மாதான் சொன்னார். பட்டையை வாங்கிக் காகிதத்தில் சுற்றக் கேட்டேன். கடையில் காகிதம் இல்லை என்றார் அய்யம்மாள். இருந்தது, அவர் பின்னாலேயே இருந்தது. நிலக்கோட்டை பஸ்ஸில், பூக்கூடைகளுக்கு நடுவில், அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்பா ஒரு வெள்ளாமை முடிகிறவரை அதைக் கட்டினார்; அறுப்பு முடிந்ததும் ஆப்பரேஷனுக்கு வந்தார்.

இது 1967. அய்யம்மாள் திண்டுக்கல்லில், அதே தெருவில், ஜெய்தூன் பீவியோடு பங்கு சேர்ந்து கடை நடத்துகிறார். காலையில் மெத்தை, மதியத்துக்கு மேல் பட்டை. கண்ணுசாமி வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறார்.